மூச்சும் மனமும்: ஆழ்ந்த சுவாசத்தால் அன்றாடம் அடையும் நன்மைகள்

மனிதன் இவ்வுலகில் பிறந்தவுடன் முதன்முதலாகச் செய்வது மூச்சை உள்ளே இழுப்பது. இவ்வுலகை விட்டு நீங்கும்போது இறுதியாகச் செய்வது மூச்சை வெளியே விடுவது. இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட காலத்தையே வாழ்வு என்கிறோம். உணவின்றிச் சில வாரங்கள் உயிர் தாங்கும். நீரின்றிச் சில நாட்கள் தாங்கும். மூச்சின்றிச் சில நிமிடங்களுக்கு மேல் தாங்காது. இருந்தும் உணவைப் பற்றி எண்ணும் அளவுக்கு மூச்சைப் பற்றி எவரும் எண்ணுவதில்லை. விலை கொடுத்து வாங்காத பொருளுக்கு மதிப்புக் குறைவு என்பது உலக வழக்கம் போலும்.

பேச்சு வழக்கில் மட்டும் மூச்சின் அருமை மறையாமல் இருக்கிறது. கவலை வந்தால் பெருமூச்சு என்கிறார்கள். மலையேறினால் மூச்சு வாங்குகிறது என்கிறார்கள். கடமை முடிந்தால் நிம்மதியாக மூச்சு விடுகிறார்கள். மனத்தின் நிலையும் மூச்சின் நிலையும் ஒன்றோடொன்று பிணைந்தவை என்பதை எழுத்தறியாத பாட்டிமாரும் அறிந்திருந்தனர். மனம் கலங்கினால் மூச்சு மாறும் என்றால், மூச்சைச் சீர்ப்படுத்தினால் மனம் அடங்காதா என்பதே ஞானிகள் கேட்ட கேள்வி. அதற்கு அவர்கள் கண்ட விடையே பிராணாயாமம்.

சைவ மரபில் மூச்சு

ஆரோக்கியமான ஒருவர் நிமிடத்துக்கு 15 முறை சுவாசிப்பதாகக் கொண்டால், ஒரு மணித்தியாலத்தில் 900 மூச்சு. 24 மணித்தியாலங்களில் 21,600 மூச்சு. இந்த எண்ணைச் சைவ மரபு மிகப் பழங்காலந் தொட்டே சொல்லி வருகிறது. தில்லைச் சிதம்பரத்தில் நடராசப் பெருமான் ஆடும் பொன்னம்பலத்தின் கூரையில் 21,600 பொன் ஓடுகள் வேயப்பட்டுள்ளன என்றும், அவற்றைப் பிணைக்கும் ஆணிகள் 72,000 என்றும், அவை மனித உடலின் மூச்சையும் நாடிகளையும் குறிப்பன என்றும் பெரியோர் கூறுவர். இன்றைய மருத்துவ நூல்கள் வளர்ந்தவர் ஓய்வாக இருக்கும்போது நிமிடத்துக்கு 12 முதல் 20 முறை வரை சுவாசிப்பர் என்கின்றன. முன்னோர் சொன்ன 15 அதற்குள்ளேயே அடங்குகிறது.

திருவாரூர்த் தியாகராசப் பெருமானின் வரலாறும் மூச்சோடு தொடர்புடையது. திருமால் அப்பெருமானைத் தமது மார்பில் வைத்து வழிபட்டார் என்றும், திருமாலின் மூச்சு ஏறி இறங்குவதற்கேற்ப இறைவன் அங்கே ஆடினார் என்றும் தலபுராணம் கூறும். அதுவே அசபா நடனம். வாய் திறந்து சொல்லாமலே, உள்ளே சென்று வெளியே வரும் மூச்சோடு தானாக நிகழும் மந்திரத்துக்கு அசபை என்று பெயர்.

பத்தாம் திருமுறையாகிய திருமந்திரத்தில் திருமூலநாயனார் மூன்றாம் தந்திரத்திலே அட்டாங்க யோகத்தை விளக்குகிறார். இயமம், நியமம், ஆசனம், பிராணாயாமம், பிரத்தியாகாரம், தாரணை, தியானம், சமாதி என்னும் எட்டில் பிராணாயாமம் நான்காவது படி. மூச்சை உள்ளிழுப்பது பூரகம், உள்ளே நிறுத்துவது கும்பகம், வெளியே விடுவது இரேசகம். இவற்றுக்கு முறையே 16, 64, 32 மாத்திரை என்னும் அளவையும் அவர் வகுத்துள்ளார். உள்ளிழுப்பதைப் போல வெளிவிடுவது இரு மடங்கு நீளமாக இருப்பது இதிற் கவனிக்கத்தக்கது. இந்த முழு அளவு குருவின் நேரடி வழிகாட்டலில் பல காலம் பயின்றவர்க்கு உரியது. இல்லறத்தார் தாமாகவே 64 மாத்திரை மூச்சை அடக்க முயல்வது கூடாது.

கண்டிக்கு வந்த யோகி

1897ஆம் ஆண்டு ஜனவரி மாதத்தில் சுவாமி விவேகானந்தர் மேல்நாட்டுப் பயணத்தை முடித்துக்கொண்டு கொழும்பில் வந்திறங்கினார். அங்கிருந்து புகைவண்டியிலே கண்டிக்கு வந்தார். கண்டி மக்கள் அவரை வரவேற்று உபசாரப் பத்திரம் வாசித்தளித்தனர். அவர் சுருக்கமாகப் பதிலுரைத்து, பின்னர் மாத்தளை, அனுராதபுரம், வவுனியா வழியாக யாழ்ப்பாணம் சென்றார். தம்புள்ளையைக் கடந்து சிறிது தூரத்தில் அவர் சென்ற வண்டியின் சில்லு உடைந்து, மணிக்கணக்கிற் காத்திருக்க நேர்ந்தது என்பதும் அப்பயணத்தின் வரலாற்றில் உண்டு.

அதற்கு முந்திய ஆண்டாகிய 1896இல் அவரது இராஜயோகம் என்னும் நூல் வெளிவந்திருந்தது. பிராணாயாமத்தை விளக்க அந்நூலில் அவர் ஒரு கதை சொல்கிறார்.

ஓர் அரசன் தன் மந்திரிமேற் கோபங் கொண்டு, அவரை உயர்ந்த கோபுரமொன்றின் உச்சியில் அடைத்துவிட்டான். இரவிலே மந்திரியின் மனைவி கோபுரத்தின் அடியில் வந்து அழுதாள். மந்திரி அவளிடம், மறுநாள் இரவு ஒரு வண்டு, கொஞ்சம் தேன், பட்டுநூல், தையல்நூலிலும் தடித்த நூல், சணற்கயிறு, பெருங்கயிறு ஆகியவற்றைக் கொண்டுவரச் சொன்னார். அவளும் அவ்வாறே கொண்டுவந்தாள். வண்டின் காலிலே பட்டுநூலைக் கட்டி, அதன் கொம்பில் ஒரு துளி தேனைத் தடவி, தலை மேல்நோக்க அதைச் சுவரில் விட்டாள். தேன் மணம் முன்னால் வீசுவதால், தேனை அடைந்துவிடலாம் என்று வண்டு மேலே மேலே ஏறியது. உச்சிக்கு வந்ததும் மந்திரி பட்டுநூலைப் பிடித்துக்கொண்டார். பட்டுநூலில் தடித்த நூலைக் கட்டச் சொல்லி இழுத்தார். அதிலே சணற்கயிறு வந்தது. சணற்கயிற்றிலே பெருங்கயிறு வந்தது. பெருங்கயிற்றைக் கட்டி இறங்கித் தப்பித்தார்.

இக்கதையில் வரும் பட்டுநூலே மூச்சு. உடம்புக்குள் நடக்கும் எத்தனையோ காரியங்களை மனிதனால் நேரடியாகப் பிடிக்க முடியாது. இதயத்தைப் பார்த்து மெதுவாக அடி என்றால் அது கேளாது. வயிற்றைப் பார்த்து நன்றாகச் சமிக்கச் செய் என்றால் கேளாது. கோபத்தைப் போ என்றால் போகாது. மூச்சு ஒன்று மாத்திரம் தானாகவும் நடக்கும், நாம் சொன்னபடியும் கேட்கும். மெல்லிய அந்த நூலைப் பிடித்தவர் மெல்ல மெல்ல மற்றவற்றையும் பிடிக்கலாம் என்பதே சுவாமிகளின் போதனை.

உடம்புக்குள் நடப்பது என்ன?

மார்புக்கும் வயிற்றுக்கும் நடுவில் குடை விரித்தாற் போன்ற ஒரு தசை உண்டு. பாடசாலை விஞ்ஞானப் புத்தகங்கள் அதைப் பிரிமென்றகடு என்று சொல்லும். மூச்சை இழுக்கும்போது அது கீழே இறங்க, நுரையீரல் விரிந்து காற்று நிரம்பும். வயிறும் சற்று முன்தள்ளும். தூங்கும் குழந்தையைப் பார்த்தால் வயிறு ஏறி இறங்குவது தெரியும். அதுவே இயற்கையான சுவாசம். வளர்ந்த பின்னர் அவசரமும் கவலையும் கூடி, பலர் மேல் மார்பினாலேயே சிறு சிறு மூச்சாக விடப் பழகிவிடுகின்றனர்.

இதன் விளைவை ஒரு சிறு கணக்கினால் அறியலாம். மூச்சிழுக்கும் காற்று முழுவதும் குருதியோடு கலப்பதில்லை. மூக்கிலும் தொண்டையிலும் மூச்சுக் குழாய்களிலும் ஏறத்தாழ 150 மில்லிலீற்றர் காற்று தங்கி, பயன்படாமலே திரும்பும். ஒருவர் 250 மில்லிலீற்றர் வீதம் நிமிடத்துக்கு 24 முறை சுவாசித்தால் அவர் இழுக்கும் காற்று 6 லீற்றர். அதில் நுரையீரலின் சிற்றறைகளைச் சேர்வது 2.4 லீற்றர் மட்டுமே. இன்னொருவர் 500 மில்லிலீற்றர் வீதம் 12 முறை சுவாசித்தால் இழுப்பது அதே 6 லீற்றர்தான்; ஆனால் சிற்றறைகளைச் சேர்வது 4.2 லீற்றர். மூன்றாமவர் 1,000 மில்லிலீற்றர் வீதம் 6 முறை சுவாசித்தால் அதே 6 லீற்றரில் 5.1 லீற்றர் பயன்படுகிறது. ஆகவே வேகமாக மூச்சு விடுவதால் அதிகக் காற்றுக் கிடைக்கிறது என்று எண்ணுவது தவறு. மெதுவாகவும் ஆழமாகவும் சுவாசிப்பவரே இழுத்த காற்றின் முழுப் பயனையும் பெறுகிறார்.

இன்னொரு செய்தியும் உண்டு. மூச்சை உள்ளிழுக்கும்போது இதயத் துடிப்பு சற்று விரைவாகும். வெளிவிடும்போது சற்று மெதுவாகும். வெளிமூச்சை நீட்டும்போது உடலுக்கு ஓய்வு கொடுக்கும் நரம்பின் செயல் மேலோங்குகிறது. திருமூலர் வெளிமூச்சுக்கு இரு மடங்கு அளவு கொடுத்ததன் பொருத்தம் இதனால் விளங்கும்.

கோயிலிலேயே இருக்கும் பயிற்சி

பூசை முடிவில் பஞ்சபுராணம் ஓதுபவரைக் கவனித்தால் ஒன்று புலப்படும். அவர் விரைவாக ஒரு மூச்சு எடுத்து, ஓர் அடி முழுவதையும் நீட்டிப் பாடி முடிக்கிறார். பாட்டு என்பதே நீண்ட வெளிமூச்சு. கூட்டுப் பிரார்த்தனையும் பஜனையும் அவ்வாறே. இத்தாலிய நாட்டு ஆய்வாளர்கள் 23 பேரைக் கொண்டு செய்த ஆய்வொன்று 2001ஆம் ஆண்டு பிரித்தானிய மருத்துவ சஞ்சிகையில் வெளிவந்தது. கத்தோலிக்கரின் செபமாலையை இலத்தீன் மொழியிற் சொன்னபோதும், 'ஓம் மணி பத்மே ஹூம்' என்னும் மந்திரத்தைச் சொன்னபோதும், அவர்களின் மூச்சு நிமிடத்துக்கு ஏறத்தாழ 6 ஆகக் குறைந்தது. குருதி அமுக்கத்தைச் சமன்செய்யும் உடலின் இயல்பான ஆற்றலும் அப்போது கூடியது. எம்மதத்தவராயினும் பக்தியோடு ஓதுபவரின் மூச்சு தானாகவே சீர்ப்படுகிறது என்பது இதன் கருத்து.

ஓங்காரத்தை வாய் மூடி ரீங்காரமாக ஒலிப்பதும் அத்தகையதே. இவ்வாறு முனகும்போது மூக்கினுள் நைட்ரிக் ஒட்சைட்டு என்னும் வாயு, அமைதியாக மூச்சு விடும்போது வெளிவருவதைப் போல ஏறத்தாழ 15 மடங்கு வெளிப்படுகிறது என்று சுவீடன் நாட்டு ஆய்வாளர்கள் 2002இல் கண்டனர். இவ்வாயு குருதிக் குழாய்களை விரியச் செய்வது. வாயால் மூச்சிழுப்பவருக்கு மூக்கிலுள்ள இவ்வாயு கிடைப்பதில்லை. காற்றைச் சூடாக்கி, ஈரப்படுத்தி, தூசியை வடிகட்டி அனுப்புவதும் மூக்கே. சங்கு ஊதுவதும் வீணான காரியமன்று. தூக்கத்திலே மூச்சுத் தடைப்படும் நோயுள்ள 30 பேரிடம் இந்தியாவின் ஜெய்ப்பூரில் ஆறு மாத காலம் நடந்த ஆய்வில், சங்கு ஊதிப் பழகியவர்களுக்குப் பகல் நேரத் தூக்கக் கலக்கம் குறைந்ததாக 2025இல் செய்தி வெளியாயிற்று. சிறிய ஆய்வுதான், ஆயினும் கோயில் மரபை நோக்கி மருத்துவ உலகம் திரும்பிப் பார்ப்பதற்கு அது ஓர் அடையாளம்.

அன்றாட நன்மைகள்

1. கோபம் தணிதல்: கோபம் வந்தவுடன் மூச்சு வேகமாகும். அப்போது சொல்லும் சொல்லே வீட்டைக் கெடுக்கிறது. பதில் சொல்லுமுன் மூன்று முறை மெதுவாக மூச்சை விட்டவர், பிறகு வருந்தவேண்டிய சொல்லைப் பெரும்பாலும் சொல்வதில்லை.

2. பரீட்சைப் பயம்: சாதாரண தரம், உயர்தரம் எழுதும் பிள்ளைகளுக்கு வினாத்தாளைக் கண்டதும் நெஞ்சு படபடக்கும், படித்தது மறந்தது போலத் தோன்றும். பேனாவை எடுக்குமுன் ஒரு நிமிடம் மூச்சைச் சீராக்கினால் படபடப்பு அடங்கும்.

3. நித்திரை: படுக்கையில் கிடந்தபடி வெளிமூச்சை நீட்டி விடுவது, கடன், வேலை, பிள்ளைகள் என்று ஓடும் மனத்தைத் தளர்த்தும்.

4. மலையேற்றம்: படி ஏறிக் கோயிலுக்கு வரும் முதியோர், இரண்டு படிக்கு ஒரு மூச்சு என்று அளந்து, அவசரப்படாமல் ஏறினால் களைப்புக் குறையும். உதட்டைக் குவித்து மெதுவாக ஊதி மூச்சை விடுவது, நாட்பட்ட நுரையீரல் நோயாளருக்கு வைத்தியசாலைகளிற் கற்பிக்கப்படும் முறையாகும்.

5. குருதி அமுக்கம்: கருவியொன்றின் துணையோடு மூச்சை மெதுவாக்கும் பயிற்சியை, மருந்துக்குத் துணையாகக் கொள்ளலாம் என்று அமெரிக்க இருதயச் சங்கம் 2013இல் கூறியது. 'துணையாக' என்ற சொல்லை மறத்தலாகாது.

6. சத்திரசிகிச்சைக்குப் பின்: வயிற்றிலோ மார்பிலோ சத்திரசிகிச்சை செய்தவரை ஆழமாக மூச்சிழுக்குமாறு தாதியர் வற்புறுத்துவர். நுரையீரலின் அடிப்பாகம் சுருங்கிச் சளி கட்டாமல் இருப்பதற்கே அது. முன்பே பழகியவருக்கு அந்நேரம் அது எளிதாகும்.

செய்யும் முறை

காலையில் வெறும் வயிற்றில், அல்லது உணவுண்டு இரண்டு மூன்று மணித்தியாலத்துக்குப் பின், பாயிலோ கதிரையிலோ முதுகு நிமிர்ந்து அமரவேண்டும். ஒரு கையை மார்பிலும் மறு கையை வயிற்றிலும் வைத்துக்கொள்க. வாயை மூடி, மூக்கினால் மெதுவாக இழுக்கும்போது வயிற்றிலுள்ள கை உயரவேண்டும். மார்பிலுள்ள கை அதிகம் அசையலாகாது. இழுக்கும்போது மனத்துள் 'நமசிவாய' என்று ஒருமுறை நிதானமாக நினைக்க. விடும்போது இருமுறை நினைக்க. ஒருமுறை நினைக்க மூன்று விநாடி என்றால், ஒரு மூச்சுக்கு ஒன்பது விநாடி. நிமிடத்துக்கு ஆறு அல்லது ஏழு மூச்சு வரும். இடையில் மூச்சை அடக்க வேண்டாம். முதல் இரண்டு வாரம் காலை ஐந்து நிமிடம், மாலை ஐந்து நிமிடம் போதும். பின்னர் பத்து நிமிடமாகக் கூட்டலாம். கடிகாரமும் வேண்டாம், காசும் வேண்டாம்.

தலை சுற்றினாலோ விரல் நுனி விறைத்தாலோ உடனே நிறுத்தி வழமைபோல மூச்சு விடவேண்டும். அளவுக்கு மிஞ்சி வேகமாக மூச்சு விட்டால் உடலிலுள்ள காபனீரொட்சைட்டு குறைந்து, மூளைக்குச் செல்லும் குருதிக் குழாய்கள் சுருங்குவதனாலேயே அவ்வாறு ஏற்படுகிறது. கர்ப்பிணித் தாய்மாரும் இருதய நோயாளரும் வைத்தியரைக் கேட்டே தொடங்கவேண்டும்.

கண்டி நகரம் நான்கு புறமும் மலை சூழ்ந்த பள்ளத்தில் அமைந்தது. ஹந்தானையும் பஹிரவகந்தையும் உடவத்தகலையும் அழகு தருவன. ஆனால் காற்று ஓடாத காலை வேளையில் வாகனப் புகை இப்பள்ளத்திலேயே தேங்கும். ஆகவே பஸ் நிலையத்திலும் தெருவோரத்திலும் ஆழ்ந்த மூச்சுப் பயிற்சி செய்வது பயனன்று. விறகடுப்புப் புகையும் அத்தகையதே. மூச்சுப் பயிற்சி சொல்லிக் கொடுக்குமுன், குசினிக்கு ஒரு யன்னலும் புகைபோக்கியும் அமைத்துக் கொடுப்பதே வீட்டுப் பெண்களுக்குச் செய்யும் முதல் உதவி.

மருந்தை நிறுத்தலாமா?

இக்கேள்விக்கு ஒரே விடை: நிறுத்தக் கூடாது. மூச்சுப் பயிற்சி தொடங்கிச் சில வாரத்தில் உடம்பு இலேசானதும், பிறசர் குளிசையையோ ஆஸ்துமாவுக்கு இழுக்கும் பம்பையோ மூலையில் வைத்துவிடுவோர் உண்டு. நலமாக இருப்பதாகத் தோன்றும் அந்த நாட்களிலேயே ஆபத்து வளர்கிறது. குருதி அமுக்கம் வலியின்றி ஏறும். ஆஸ்துமா நள்ளிரவில் எச்சரிக்கையின்றி வரும். இவ்வாறு செய்பவர் இறைவன்மேல் நம்பிக்கை வைத்ததாகக் கருதுகிறார். வைத்தியரின் கையாலும் இறைவன் காப்பான் என்பதை அவர் மறந்துவிடுகிறார்.

இதற்கும் விவேகானந்த சுவாமிகளின் வாழ்வே சான்று. பிராணாயாமத்தை உலகுக்குப் போதித்த அவரே ஆஸ்துமாவினாலும் நீரிழிவினாலும் வருந்தினார். வைத்தியர்களிடம் மருந்து உண்டார். 1902 ஜூலை 4ஆம் நாள் தமது 39ஆவது வயதில் உடலை நீத்தார். அதனால் பிராணாயாமம் பொய் என்றாகாது. நோய் உடலுக்கு வந்தபோதும் மனம் தளராமல் இறுதி நாள்வரை உழைத்தாரே, அதுவே அவர் பிடித்த பட்டுநூலின் பயன். மூச்சுப் பயிற்சி சாவை வெல்லும் வித்தையன்று. உள்ள நாளை அமைதியோடு வாழ வைக்கும் துணை.

மூச்சுத் திணறலோடு நெஞ்சு நோ, வியர்வை, இடது கையிலோ தாடையிலோ வலி வந்தால் பயிற்சி செய்துகொண்டு இருக்கலாகாது. 1990 என்னும் இலக்கத்துக்கு அழைத்தால் சுவசெரிய அம்புலன்ஸ் இலவசமாக வரும். இவ்விலக்கத்தை ஒவ்வொரு வீட்டிலும் பிள்ளைகளுக்குச் சொல்லி வைத்தல் நன்று.

அயலவருக்கும் பொதுவான வழி

மூச்சைக் கவனித்து மனத்தை ஒருமுகப்படுத்தும் வழியைப் பௌத்தர்கள் ஆனாபானசதி என்று போற்றுகின்றனர். 1958இல் கண்டியில் தொடங்கிய பௌத்த நூல் வெளியீட்டுச் சங்கம் இது பற்றிய நூல்களை உலகெங்கும் அனுப்பியது. அதன் தாபகருள் ஒருவரான ஜெர்மானியத் துறவி ஞானபோனிக்க தேரர் உடவத்தகலை வனத்துக் குடிலிலே நெடுங்காலம் வாழ்ந்தார். கண்டி மாவட்டத்து நிலம்பை தியான நிலையத்திலும் மூச்சைக் கவனித்தலே அடிப்படைப் பயிற்சியாக உள்ளது. பெயரும் நோக்கமும் வேறுபடினும், மலையின் இந்தப் பக்கத்தில் அசபை என்றும் அந்தப் பக்கத்தில் ஆனாபானசதி என்றும் சொல்லப்படுவது ஒரே காற்றைப் பற்றியதே. இழுக்கும் மூச்சுக்கு இனமும் இல்லை, மொழியும் இல்லை.

கோயிலுக்கு வரும் அடியார்கள் பூசை தொடங்குமுன் பேச்சை நிறுத்தி, கண்மூடி, ஐந்து நிமிடம் மூச்சோடு திருவைந்தெழுத்தை இணைத்து அமர்ந்திருந்தால், அந்தப் பூசையின் பயன் பன்மடங்காகும். பெற்றோர் அமர்ந்தால் பிள்ளைகளும் பார்த்துப் பழகுவர். நாளொன்றுக்கு இறைவன் தரும் 21,600 மூச்சில் அறுபதையேனும் அவனை நினைந்து விடுவது கடினமான காரியமன்று. எல்லாம் வல்ல விநாயகப் பெருமான் அடியார் அனைவருக்கும் நோயற்ற வாழ்வும் கலங்காத மனமும் தந்தருள்வாராக.

சுபம்.